பங்கு சரியும் கம்பெனியில் வேலை: இருப்பதா, கிளம்புவதா, விற்பதா?

2024 ஆகஸ்ட் 1, வியாழக்கிழமை. அமெரிக்கச் சந்தை மூடிய பிறகு, கம்ப்யூட்டர் சிப் தயாரிக்கும் இன்டெல் தன் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது. 160 கோடி டாலர் நஷ்டம். நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் ஆட்குறைப்பு. பங்குதாரர்களுக்கு 1992 முதல் விடாமல் கொடுத்துவந்த லாபப் பங்கான டிவிடெண்டும் நிறுத்தம். மறுநாள் பங்கு 26 சதவீதம் விழுந்தது. முந்தைய நாள் 29 டாலரில் முடிந்தது 21 டாலருக்கு வந்து நின்றது. மூன்றே ஆண்டுகளுக்கு முன், 2021 ஏப்ரலில், அதே பங்கு 65 டாலரைத் தாண்டியிருந்தது.

ஆரிகன் மாநிலத்து ஹில்ஸ்பரோ, அரிசோனாவின் சாண்ட்லர், நம் பக்கத்தில் பெங்களூரு என்று இன்டெல் எங்கெல்லாம் பெரிதாக இருக்கிறதோ அங்கெல்லாம் தமிழ் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் அந்த வாரம் பேச்சு இதைப் பற்றித்தான் இருந்திருக்கும். விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுப்பதா, வாயை மூடிக்கொண்டு இருப்பதா, ஏஎம்டி, குவால்காம் போன்ற வேறு சிப் கம்பெனிக்குத் தாவுவதா, கம்பெனி சம்பளத்தோடு கொடுத்துக் கையிலிருக்கும் பங்கை என்ன செய்வது. இன்டெல்லை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் கதையில் அடுத்த ஒன்றரை வருடம் என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரியும். கேள்விகள் என்னவோ விலை சரியும் எந்தக் கம்பெனிக்கும் பொதுவானவைதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையைப் பற்றிய முடிவு ஒன்று, பங்கைப் பற்றிய முடிவு இன்னொன்று. பெரும்பாலானவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில், அதுவும் கோபத்தில், எடுக்கிறார்கள். "இந்த மேனேஜ்மெண்ட் உருப்படாது" என்று வேலையை விடுகிறார்கள், இல்லையென்றால் "கம்பெனி எப்படியும் எழுந்துவிடும்" என்று வேலையிலும் இருந்து பங்கையும் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே தவறான கணக்கு.

கோபம் நியாயமானதா?

நியாயம்தான். 2023 ஜனவரி கடைசியில் இன்டெல் சம்பளத்தில் கை வைத்தது. நடுத்தட்டு ஊழியர்களுக்கு 5 சதவீத வெட்டு, மேலே போகப் போகக் கூடி, சிஇஓ பாட் கெல்சிங்கருக்கு 25 சதவீதம். டிவிடெண்டை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது பிப்ரவரி 22-ல். முதலில் ஊழியர், மூன்று வாரம் கழித்துத்தான் பங்குதாரர். இந்த வரிசையை யாரும் மறக்கமாட்டார்கள். பல வருடங்களில் சொந்தப் பங்கையே திரும்ப வாங்க 10,000 கோடி டாலருக்கு மேல் செலவழித்த கம்பெனி அது. அந்தப் பணத்தில் எத்தனை ஃபேப் (சிப் ஆலை) கட்டியிருக்கலாம் என்ற கேள்வியைக் கேட்க எம்பிஏ தேவையில்லை.

சின்ன விஷயங்கள் இன்னும் கூர்மையாகக் குத்தும். 2024-ல் செலவைக் குறைக்கிறோம் என்று அலுவலகத்தில் இலவசப் பழமும் காபியும் நின்றன. அந்த வருடம் மூன்றாம் காலாண்டில் நஷ்டம் 1,660 கோடி டாலர். நவம்பரில் காபி, டீ மட்டும் திரும்ப வந்தது; பழம் வரவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன பிறகு, மிச்சமிருப்பவர்களைச் சமாதானப்படுத்த ஒரு கப் காபி. ஹெச்ஆர் எழுதும் மின்னஞ்சல்களுக்கென்றே ஒரு தனி மொழி இருக்கிறது, அதில் இதற்கும் இனிமையான பெயர் கிடைக்கும்.

மேலே ஆள் மாறினால் சரியாகிவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. பிரையன் கிர்ஜானிச் 2018 ஜூனில் போனார். நிதித்துறையிலிருந்து வந்த பாப் ஸ்வான் 2021 தொடக்கம் வரை. பிறகு "நம்ம ஆள்" என்று இன்ஜினியர்கள் கொண்டாடிய கெல்சிங்கர், 2024 டிசம்பர் வரை. 2025 மார்ச்சில் லிப்-பு டான். இந்த டான் 2022-ல் இயக்குநர் குழுவுக்கு வந்து, 2024 ஆகஸ்டில் அந்தப் பெரும் சரிவு நடந்த மாதமே விலகியவர். வேறு பொறுப்புகள் இருக்கின்றன என்று அப்போது சொன்னார். ஆள் பெருக்கமும் அதிகாரத் தட்டுகளும் பிடிக்காமல்தான் போனார் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. சிஇஓவாகத் திரும்பி வந்ததும் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில், பல குழுக்களில் எட்டுத் தட்டோ அதற்கு மேலோ இருக்கிறது, பல மேனேஜர்களுக்குத் தன் குழுவில் எத்தனை பேர் என்பதே பெரிய அளவுகோலாக இருந்திருக்கிறது, இனி அப்படி இருக்காது என்றார். கேன்டீனில் பல வருடமாகப் புலம்பியதை சிஇஓவே எழுத்தில் ஒப்புக்கொண்டார்! படித்தவர்கள் கைதட்டியிருப்பார்கள். அதே கடிதத்தில் வாரத்துக்கு நான்கு நாள் ஆபீஸ் வரவேண்டும் என்ற உத்தரவும் இருந்தது. ஜூலையில், வருடக் கடைசிக்குள் முக்கியப் பிரிவுகளின் ஆள்பலம் சுமார் 75,000-க்கு வரும் என்ற அறிவிப்பு. 2023 முடிவில் மொத்த ஆள்பலம் 1,24,800.

ஆக, தலைமை மாறும் என்று காத்திருப்பதை ஒரு வழியாகவே நான் கணக்கில் வைப்பதில்லை. புது சிஇஓ வந்ததும் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் கத்தரிக்கோல். நம் புலம்பலோடு அவர் ஒத்துப்போவது நம் நாற்காலிக்குக் காப்பு ஆகாது.

வேலை: மூன்று வழிகள்

முதல் வழி, பணத்தை வாங்கிக்கொண்டு தானாகவே கிளம்புவது. 2024 ஆகஸ்டில் இன்டெல் இதைத் திறந்தது. தகுதி உள்ளவர்களுக்கு கூடுதல் சலுகையோடு முன்கூட்டிய ஓய்வு, மற்றவர்களுக்கு விருப்ப விலகல் விண்ணப்பம். இதில் கவனிக்கவேண்டியது, இந்தக் கதவு எப்போதும் திறந்திருக்காது. 2025-ல் டான் காலத்துக் குறைப்பில், ஃபேப்களில் வேலை செய்தவர்களுக்கு அப்படிப்பட்ட விருப்ப விலகல் கொடுக்கப்படவில்லை. பெயரைத் தேர்ந்தெடுத்தது நிர்வாகம். "அடுத்த ரவுண்டில் இதைவிட நல்ல பேக்கேஜ் வரும்" என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு அடுத்த ரவுண்டு வந்தது, பேக்கேஜ் வரவில்லை. பணம் தீர்ந்துவரும் கம்பெனியில் முதல் ரவுண்டுதான் பெரும்பாலும் தாராளம்.

ஐம்பது வயதைத் தாண்டி, வீட்டுக்கடன் முடிந்து, பிள்ளைகள் படிப்பு கரையேறியவருக்கு முதல் ரவுண்டு வரும்போது நான் சொல்வது ஒரே வார்த்தை: எழுதிக்கொடுங்கள். முப்பத்தைந்து வயதுக்காரருக்கும் கையில் வேறு ஆஃபர் இருந்தால் அதே பதில்தான். வேறு எதுவும் இல்லாமல், கோபத்தில், மூன்று நான்கு மாதச் சம்பளத்துக்காகக் கிளம்புவது மட்டும் வேண்டாம்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதில் தனிச் சிக்கல். இங்கே லேஆஃப் என்ற பெயரில் நடப்பதில் பாதி, மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு ராஜினாமா கடிதம் வாங்கிக்கொள்வதுதான். கையெழுத்துப் போடும் முன் நோட்டீஸ் காலச் சம்பளம், மீதி லீவுக்கான பணம், கிராஜுவிட்டி மூன்றும் எழுத்தில் வரவேண்டும். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடத் தொடர் பணி என்பது 1972-ம் வருடச் சட்டத்திலிருந்து வரும் விதி; 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக வந்த சட்டத்திலும் நிரந்தர ஊழியருக்கு அதுவே. ஐந்தாவது வருடத்தில் 240 நாள் முடித்தவருக்கும் உண்டு என்று பழைய சட்டத்தின்கீழ் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நாலே முக்கால் வருடத்தில் நிற்பவர் அதை மனதில் வைத்துக்கொண்டு தேதி பேசவேண்டும். சம்பளத்தின் பகுதியாகக் கம்பெனி தருவதாகச் சொன்ன பங்கு (ஆர்எஸ்யூ) அடுத்து உங்கள் கைக்கு வரும் நாளையும், அதாவது வெஸ்ட் ஆகும் நாளையும், பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக, வெஸ்ட் ஆகாத பங்கு கடைசி வேலை நாளோடு காலாவதி. கடைசி நாளை இரண்டு வாரம் தள்ளிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

இரண்டாம் வழி, இருப்பது. கையாலாகாதவர்கள்தான் இருப்பார்கள் என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. இருப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், வேறு வேலை தேடிக்கொள்ள 60 நாள்தான் கணக்கு. கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடமாக நிற்கும் இந்தியருக்கு அந்த 60 நாள் எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்று அனுபவித்தவர்களைக் கேட்டால் தெரியும். இன்டெல்லில் நான்கு வருடம் முடித்தால் நான்கு வாரம், ஏழு வருடம் முடித்தால் எட்டு வாரம் சம்பளத்தோடு சப்பாட்டிக்கல் எனும் நீண்ட விடுப்பு என்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அதற்கு மூன்று மாதம் இருக்கும்போது யாரும் கிளம்பமாட்டார்கள், கிளம்பவும் கூடாது.

ஆனால் இருப்பது என்று முடிவெடுத்தால், "கம்பெனி பிழைக்குமா" என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. "என் பிரிவு பிழைக்குமா" என்பதுதான் கேள்வி. 2025-ல் இன்டெல் வாகனச் சிப் பிரிவை மூடியது. மார்க்கெட்டிங் வேலையின் பெரும்பகுதியை ஆக்செஞ்சர் என்ற வெளி நிறுவனத்திடம் கொடுத்தது. அல்டெரா என்ற தன் சிப் நிறுவனத்தின் 51 சதவீதத்தை சில்வர் லேக் நிறுவனத்துக்கு விற்றது. ஜெர்மனியிலும் போலந்திலும் கட்டவிருந்த ஆலைகளைக் கைவிட்டது. அதே சமயம் 18ஏ என்ற புதிய தொழில்நுட்பத்தில் சிப் தயாரிக்கும் சாண்ட்லர் ஆலைக்குப் பணம் தொடர்ந்து போனது. ஒரே பேட்ஜ், ஒரே கேன்டீன், ஆனால் இரண்டு வேறு தலையெழுத்து. உங்கள் பிரிவு விற்கும் பொருள் இல்லாமல் கம்பெனி அடுத்த வருடம் ஓடுமா என்று நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள். ஓடும் என்றால், உள்ளேயே வேறு குழுவுக்கு மாறும் வேலையை இன்றைக்கே தொடங்குங்கள். லேஆஃப் அறிவித்த பிறகு உள்மாற்றத்துக்கு எல்லோரும் ஓடுவார்கள், அப்போது காலி இடம் இருக்காது.

மூன்றாம் வழி, தாவுவது. பெங்களூரில் இது எளிது; என்விடியா, ஏஎம்டி, குவால்காம் எல்லாம் அதே ஊரில். ஹில்ஸ்பரோவில் கஷ்டம். அங்கே இன்டெல்தான் ஊருக்கே பெரிய முதலாளி. ஒரே மாதத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை தேடுகிறார்கள் என்றால் வீட்டை விற்பதிலும் அவர்களோடுதான் போட்டி. பெங்களூரில் இருப்பவருக்கு உகந்த வழி, ஆரிகனில் சொந்த வீடு வாங்கி உட்கார்ந்தவருக்கு உகந்ததாக இருக்கவேண்டும் என்று இல்லை.

தாவும்போது பலர் கவனிக்காத ஒரு சாதகம் உண்டு. பங்கு விழுந்த கம்பெனியை விட்டுப்போவது மலிவு. 2021-ல் 60 டாலர் விலையில் உங்களுக்கு 400 பங்கு, நான்கு வருடத்தில் வெஸ்ட் ஆகும்படி கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 6,000 டாலர் என்று மனக்கணக்கு போட்டிருப்பீர்கள். விலை 20 ஆனதும் அது 2,000 டாலர். கடிதம் கொடுக்காமல், மீட்டிங் போடாமல் நடந்த சம்பள வெட்டு இது. அந்த 2,000 டாலருக்காகவா காலைக் கட்டிக்கொண்டு இருக்கிறீர்கள்? போகிற இடத்திலும் இதே கணக்கைப் போடவேண்டும். உச்சி விலையில் கொடுக்கப்படும் புதுப் பங்கும் நாளை இப்படி ஆகலாம். அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டிக் கேளுங்கள், பங்கைக் கொசுறாக மட்டும் பாருங்கள்.

பங்கு: வைத்திருப்பதா, விற்பதா

2024 கடைசியில் இன்டெல் பங்கு 20 டாலர். 2025 ஏப்ரலில் அதற்கும் கீழே போய்வந்தது. ஆகஸ்டில் சாஃப்ட்பேங்க் 200 கோடி டாலர் போட்டது, அமெரிக்க அரசே 20.47 டாலர் விலையில் கிட்டத்தட்ட 10 சதவீதம் எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் என்விடியா 500 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. வருடம் முடியும்போது விலை 35 டாலருக்கு மேல்.

"பார்த்தாயா, பொறுத்தவன் பூமி ஆள்வான்" என்று வைத்திருந்தவர் சொல்லலாம். சொல்லட்டும். ஆனால் அதே 2025-ல்தான் பல்லாயிரம் பேர் இன்டெல்லை விட்டு வெளியே போனார்கள். பங்கு ஏறியது, வேலை போயிற்று. இதற்கு நேர் எதிரான கதை ஹைதராபாத்தில் நடந்தது. 2009 ஜனவரி 7-ல் சத்யம் என்ற ஐடி நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்ட அன்று பங்கு முக்கால் பங்குக்கு மேல் விழுந்தது. அரசு புது இயக்குநர் குழுவைப் போட்டது, ஏப்ரலில் டெக் மஹிந்திரா வாங்கியது, ஊழியர்களில் பெரும்பகுதியினருக்கு வேலை தொடர்ந்தது. வேலை பிழைத்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு, 2013 இணைப்பில் 17 சத்யம் பங்குக்கு 2 டெக் மஹிந்திரா பங்கு கிடைத்தது. பங்கு சொல்வதை வைத்து வேலையையும், வேலையை வைத்துப் பங்கையும் கணிக்க முடியாது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

இரண்டும் சேர்ந்தே விழுந்த கதை, அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான். ஊழியர்களின் 401(கே) ஓய்வுச் சேமிப்பில் பாதிக்கும் மேல் என்ரான் பங்காகவே இருந்தது. 2000 ஆகஸ்டில் 90 டாலர், 2001 டிசம்பர் 2-ல் திவால். மறுநாள் 4,000 பேருக்கு வேலை போனது. பட்ட காலிலே படும் என்பார்கள். சம்பளமும் சேமிப்பும் ஒரே காலில் நின்றால் அடி அங்கேதான் விழும்.

அதனால் என் பக்கம் தெளிவு: வெஸ்ட் ஆன அன்றே விற்றுவிடுங்கள். 2024 ஆகஸ்டில் இதைக் கேட்டு 21 டாலரில் விற்றவர் இன்று என்னைத் திட்டலாம். 2021-ல் கேட்டு 60-ல் விற்றவர் வாழ்த்துவார். எந்த வருடம் எந்த வகை என்று முன்கூட்டித் தெரிந்தால் நாம் இன்டெல்லில் வேலை பார்க்கவே வேண்டியதில்லை.

இதற்குப் பின்னால் உள்ள வரிக் கணக்கைப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். வெஸ்ட் ஆகும் நாளிலேயே அன்றைய விலைக்கு அது சம்பளமாகக் கணக்கிடப்பட்டு வரி பிடிக்கப்படுகிறது. புரோக்கர் கணக்கைத் திறந்து பார்த்தால், நூறு பங்கில் முப்பது நாற்பது வரிக்காக ஏற்கெனவே விற்கப்பட்டிருக்கும். மீதியை அன்றே விற்றால் மேற்கொண்டு வரி அநேகமாக இல்லை. விற்காமல் வைத்திருப்பது, கைக்கு வந்த சம்பளத்தைக் கொண்டு இன்றைய விலையில் அதே பங்கை வாங்குவதற்குச் சமம். போனஸ் ரொக்கமாக வந்திருந்தால் உங்கள் கம்பெனிப் பங்கைத் தேடிப்போய் வாங்கியிருப்பீர்களா? "இந்த மேனேஜ்மெண்ட் உருப்படாது" என்று மத்தியானம் சொன்ன வாய், சாயங்காலம் "60 வந்தால் விற்கிறேன்" என்று சொல்வது வேடிக்கை. அந்த 60 நீங்கள் கொடுத்த விலையே இல்லை. கம்பெனி கடிதத்தில் போட்ட விலை.

இந்தியாவில் இருந்துகொண்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு தொல்லை. வெளிநாட்டுப் பங்கை வருமான வரிக் கணக்கின் எஃப்ஏ (வெளிநாட்டுச் சொத்து) அட்டவணையில் வருடாவருடம் காட்டவேண்டும், மறந்தால் தண்டம் பெரிதாக இருக்கலாம். இன்னொன்றை யாரும் சொல்லித் தருவதில்லை: அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இல்லாதவர் இறந்தால், அவர் பெயரில் உள்ள அமெரிக்கப் பங்குகள் 60,000 டாலரைத் தாண்டும் பகுதிக்கு அங்கே வாரிசு வரி உண்டு, 40 சதவீதம் வரை போகும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதற்கென்று ஒப்பந்தம் கிடையாது.

ஒரு விதிவிலக்கு, தள்ளுபடியில் பங்கு வாங்கும் இஎஸ்பிபி திட்டம். 15 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும் என்றால், கம்பெனி தள்ளாடினாலும் அதில் சேருங்கள். 85 ரூபாய் கொடுத்து 100 ரூபாய்ப் பொருள். கணக்கில் பங்கு வந்து சேர்ந்த அன்றே விற்றுவிடவேண்டும், அவ்வளவுதான். தள்ளுபடிக்கு வரி போனாலும் மிச்சம் இருக்கும். சேமிப்பாக வைத்துக்கொண்டால் மறுபடி அதே பழைய கதை.

விற்பதற்கும் ஜன்னல் உண்டு என்பதை மறக்கவேண்டாம். காலாண்டுக் கணக்கு வெளியாவதற்கு முன்னால் பல கம்பெனிகளில் ஊழியர்கள் வாங்கவும் விற்கவும் தடை. ராஜினாமா செய்துவிட்டு அந்தத் தடைக்குள் மாட்டினால், கோபத்தில் கொடுத்த கடிதத்துக்கு விலை சந்தை சொல்வதுதான். ஆகவே வரிசை இப்படி: முதலில் ஜன்னல் திறந்திருக்கும் நாளில் பங்கை விற்று, அந்தப் பணத்தை ஆறு மாத வீட்டுச் செலவாக வங்கியில் போடுங்கள். வேலையைப் பற்றிய யோசனையை அதற்கு அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதப் பணம் கையில் இருப்பவர் மேனேஜரிடம் பேசும் தொனியே வேறு.